கேட்ட நாள்

1

இந்தக் கதையை எழுதக் கூடாது என்று எங்கள் வீட்டில் முதலில் சொன்னவன் நான்தான். வீட்டு விஷயம் வீட்டோடு இருக்க வேண்டும். எங்கள் அப்பா காலத்திலிருந்தே நாங்கள் சண்டை போடுவதென்றால் முதலில் சன்னலைச் சாத்திவிட்டுத்தான் போடுவோம்.

இப்போது நானே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், வெளியே வேறு கதைகள் நடமாடுகின்றன. அந்தச் சனிக்கிழமை தம்பியின் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்ததையும், உள்ளே அழுகைச் சத்தம் கேட்டதையும், எதிர்ப்பக்கம் மாப்பிள்ளை வெயிலில் நின்றதையும் தெருவே பார்த்தது. பார்த்ததை வைத்து ஆளுக்கொன்று கட்டிக்கொண்டார்கள். தம்பி மகளுக்கு வேறு யாரோ இருக்கிறார்களாம். இல்லை, மாப்பிள்ளை வீட்டார் பெரிதாக எதையோ கேட்டுவிட்டார்களாம். இன்னொரு கதையில் எனக்கே ஒரு வேஷம் கொடுத்திருக்கிறார்கள்: கல்யாணத்தைக் கெடுக்க வந்த பெரியப்பா. என்னைப் பற்றிச் சொல்வதை நான் பொறுத்துக்கொள்வேன். [பொறுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அதற்காக எழுதவில்லை.] அந்தப் பெண்ணின் பெயரை இழுத்தார்கள் பாருங்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துவது என் வேலை. தம்பிக்குக் கண்ணாடிக் கடை. சன்னலுக்கும் அலமாரிக்கும் அளவெடுத்து வெட்டிக்கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரு டயர் கடையின் மேல்மாடிக் கூடத்தில் கூடுகிற எங்கள் சிறிய சபைக்கு அவன்தான் பிரசங்கியார்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: “அன்று வானம் கறுத்து, ஏதோ நடக்கப்போவதை” — அன்று வானம் கறுக்கவில்லை. நல்ல வெயில். விட்டுவிட்டேன்.

இரண்டாவது: “இன்றைய கிறிஸ்தவன் மோசேயின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவனா என்ற கேள்விக்குச் சபைகள் பல விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. சிலர் அந்தச் சட்டத்தைப் பலிச் சட்டம், நாட்டுச் சட்டம், ஒழுக்கச் சட்டம் என்று மூன்றாகப் பிரித்து” — இப்படி நான்கு பக்கம் போனது. தம்பி மனைவியிடம் கொடுத்தேன். ஒரு பக்கம் படித்தாள். “அத்தான், கதைன்னு சொன்னீங்க. இது மாத்திரை மாதிரி இருக்கு. நல்லாத் தூக்கம் வருது” என்றாள்.

அந்த நான்கு பக்கத்தின் சாரம் இதுதான். சட்டம் நம்மைக் கிறிஸ்துவிடம் கொண்டுவந்து சேர்த்தது, அதோடு அதன் வேலை முடிந்தது, இப்போது நாம் கிருபையில் இருக்கிறோம் என்பது தம்பி கட்சி. பலியும் தீட்டும் போயிற்று, சரி. திருடாதே, பொய் சொல்லாதே, கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்பதெல்லாம் எங்கே போகும், கடவுள் மாறாதவர் என்றால் அவருடைய எடைக்கல் மட்டும் எப்படி மாறும் என்பது என் கட்சி. சாப்பாட்டு மேசையில் பல வருஷமாக இந்த வழக்கு நடக்கிறது. ஒருமுறை தம்பி மகள் என் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்து, “பெரியப்பா, இது கலப்புத் துணி. மோசே கண்ணுல பட்டீங்கன்னா தொலைஞ்சீங்க” என்றாள். “கம்பளியையும் சணல் நூலையும் கலக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. பாலியஸ்டரைப் பத்தி மோசேக்குத் தகவல் வரலை” என்றேன். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். சட்டம் அப்போது எங்கள் வீட்டில் சிரிக்கிற விஷயமாக இருந்தது.

மூன்றாவது தொடக்கம், தொலைபேசியில் அவள் குரல்: “பெரியப்பா, உடனே கடைக்கு வாங்க. அப்பா ஒரு வரி சொல்ல மாட்டேங்கறார். சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்.”

இதையே வைத்துக்கொள்கிறேன். கதை இங்கே தொடங்குகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

3

அந்த ஒரு வரி என்ன என்று சொல்லாமல் மேலே போனால் வாசகரை ஏய்ப்பதாகும்.

பல வருஷங்களுக்கு முன் தம்பி மனைவி சமையலறையில் மயங்கி விழுந்தாள். மூளையில் இரத்தக் கசிவு. பிழைப்பது கஷ்டம் என்றார்கள். மகளுக்கு அப்போது இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்த புதிது. ஆஸ்பத்திரி வராந்தாவில், சுவரைப் பார்த்து மண்டியிட்டு, வாய்விட்டே சொன்னாள்: அம்மாவைத் திருப்பிக் கொடுத்துவிடும் ஆண்டவரே, நான் கல்யாணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை அம்மாவோடேயே இருந்துவிடுகிறேன்.

கடவுளிடம் இப்படி வாக்குக் கொடுப்பதைப் பொருத்தனை என்போம். அம்மா பிழைத்தாள். இடது காலை லேசாக இழுத்து நடப்பாள். நாக்குக்கு எந்தச் சேதமும் இல்லை.

மனதில் யாரும் இல்லாதவரை கல்யாணம் வேண்டாம் என்பது ஒரு சுமையே இல்லை. பிறகு அவள் வேலை செய்கிற கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றது. கையில் இரத்த மாதிரிகள் வைத்த குளிர்ப்பெட்டியோடு அவள் உள்ளே மாட்டிக்கொண்டாள். பழுது பார்க்க வந்தவர் கதவிடுக்கு வழியாக, “பயப்படாதீங்க, உங்களை எடுத்துடுவேன்” என்றாராம். “என்னை அப்புறம் எடுங்க. முதல்ல பெட்டியை எடுங்க, கெட்டுப்போயிடும்” என்றாளாம். அவர்தான் மாப்பிள்ளை.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசிப்போம். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. முதல் ஞாயிறு அவள் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் ஞாயிறு, தன் தகப்பனின் குரலில் அந்தக் கேள்வி வந்தபோது, தடை தெரிந்த ஆள் தானே என்று அவளுக்கு உறைத்துவிட்டது. கூடத்தில் அத்தனை பேர் நடுவில் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை காலை, மூன்றாம் அறிவிப்புக்கு முதல் நாள், தகப்பனிடம் சொன்னாள்.

சொன்னவள் வழியையும் தேடிவைத்திருந்தாள். மோசேயின் சட்டத்தில் பொருத்தனைகளைப் பற்றி ஒரு பகுதி உண்டு. தகப்பன் வீட்டில் இருக்கிற பெண் இளவயதில்* ஒரு பொருத்தனை செய்தால், தகப்பன் அதைக் கேட்கிற நாளிலேயே வேண்டாம் என்று தடுத்துவிடலாம். அது அவளைக் கட்டாது, கடவுள் அவளை மன்னிப்பார். கேட்டும் அவன் பேசாமல் இருந்துவிட்டால், பொருத்தனை நிலைத்துவிடும், அவள் அதைக் காப்பாற்றியாக வேண்டும்.

* இந்த இடத்தில் தம்பி மனைவி ஓரத்தில் எழுதிவைத்தது: “முப்பதைத் தாண்டியவளையும் இளவயது என்று ஒத்துக்கொள்கிற சட்டம் என்றால், அந்த ஒரு சட்டத்தின் கீழ் இருக்க எனக்குச் சம்மதம்.”

4

நான் போனபோது தம்பி வேலை செய்துகொண்டிருந்தான். கம்பளம் விரித்த பெரிய மேசையில் ஒரு கண்ணாடித் தகடு கிடந்தது. வெட்டுச் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுக்கோலை ஒட்டி ஒரே இழுப்பாக இழுத்தான். பிறகு தகட்டை மேசை விளிம்புக்கு நகர்த்தி இரண்டு கையாலும் அழுத்தினான். கோட்டோடு பிரிந்தது. யாருக்கும் அவசரமில்லாத தகடு அது. பேச்சைத் தவிர்க்க வேண்டும் என்றால் தம்பி வெட்டுவான்.

மகள் கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே நின்றிருந்தாள். மனைவி முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“வந்துட்டீங்களா அண்ணா? நீங்களே சொல்லுங்க இவளுக்கு” என்றான் தம்பி. “நீ விடுதலையானவ, எதுவும் உன்னைக் கட்டாதுன்னு காலையிலிருந்து சொல்றேன். தொண்டை வத்திப்போச்சு.”

“அது பிரசங்கம்பா. எனக்கு வேண்டியது ஒரு வரி. ‘அந்தப் பொருத்தனையை நான் ரத்து பண்றேன்.’ அவ்வளவுதான்.”

“இல்லாத முடிச்சை நான் எப்படிம்மா அவுக்கறது?”

“உங்களுக்கு இல்ல. எனக்கு இருக்கு. கழுத்துல இருக்கு. நாளைக்கு நீங்க ‘தடை தெரிஞ்சவங்க சொல்லலாம்’னு கேக்கறப்ப நான் என்னப்பா பண்ண? வேற பக்கம் பாத்துட்டு உக்காரவா?”

“தெரியாமப் பயத்துல சொன்ன வார்த்தை அது.”

“தெரிஞ்சுதான் சொன்னேன். அம்மா வந்தாங்களே! வாங்கிக்கிட்டு இப்ப கை விரிக்கச் சொல்றீங்களா?”

முக்காலியிலிருந்து குரல் வந்தது. “ஏன்டி, நான் பிழைச்சது என் குத்தமா? எனக்காகப் பொண்ணை நேர்ந்துவிடச் சொல்லி நான் மனு போட்டேனா? ஒரு டம்ளர் தண்ணி கேட்டா அரை மணி நேரம் கழிச்சுக் கொண்டுவர்றவ, ஆயுசு முழுக்க என்னைப் பாத்துக்கறாளாம்! அத்தான், நீங்களே சொல்லுங்க, இது எனக்கு வரமா, தண்டனையா?”

“அம்மா, சும்மா இரு.”

“சும்மா இருந்தா பொருத்தனை நிலைச்சுடுமாமே அந்தச் சட்டத்துல. அதான் பேசறேன்.”

(தம்பி மனைவி இதைவிடக் காரமாக ஒன்று சொன்னாள். குடும்ப மரியாதை கருதி நான் அதைச் சேர்க்கவில்லை. படித்துவிட்டு, “என் பேச்சுல உப்பை எடுத்துட்டீங்க” என்று அவள் கோபித்துக்கொண்டாள். உப்பு எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.)

“நாள் எப்ப முடியுது?” என்று கேட்டேன். அந்தச் சட்டத்தில் நாள் என்பது மாலையோடு முடியும். எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் கேட்டேன்.

“வெயில் இறங்கறதோட” என்றாள் மகள்.

“கடை எட்டு மணிக்குத்தானே சாத்தறோம்? அதுவரைக்கும் வச்சுக்க” என்றாள் தாய்.

யாரும் சிரிக்கவில்லை.

5

மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு ஒரு தொல்லை. கதைக்கு அவர் உதவவில்லை.

அவள் விஷயத்தை முதலில் சொன்னது அவரிடம்தான். இன்னொருவர் கத்தியிருக்கலாம், பெண்ணைப் பரிகசித்திருக்கலாம். இவர், “உனக்குள்ள அது தீர்ந்தாத்தான் நாம நிம்மதியா இருக்க முடியும். அப்பாகிட்டப் பேசு. நான் வெளியில நிக்கறேன்” என்று சொல்லிவிட்டுத் தெருவில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டதற்கு, “உங்க வீட்டு விஷயம் பெரிய மாமா. நான் இருந்தா அவரு என் முகத்துக்காகச் சொன்ன மாதிரி ஆயிடும்” என்றார். இவ்வளவு நல்லவர் ஒருவரைக் கதையில் போட்டால் யார் நம்புவார்கள்?

ஒரு வரைவில் அவரைக் கொஞ்சம் கெடுத்துப் பார்த்தேன். அவர் வீட்டார் எதையோ கேட்டதாகவும், நாங்கள் மறுத்ததாகவும் ஒரு பக்கம் எழுதினேன். ஊர் நம்பும். எங்கள் வீடும் தப்பும். மறுநாள் காலையில் படித்தபோது, அடுத்த வீட்டின் மேல் சேற்றை வாரி வீசித்தான் என் வீட்டுச் சுவர் வெள்ளையாக வேண்டுமா என்று தோன்றியது. கிழித்துவிட்டேன். ஆகவே அவர் நல்லவராகவே வெயிலில் நிற்கிறார். அந்தப் பக்கம் நிழல் வர இன்னும் நேரம் இருந்தது.

6

தம்பியைக் கடையின் பின்பக்கம், பெரிய தகடுகள் சாய்த்து வைத்திருக்கும் இடத்துக்கு அழைத்துப் போனேன். இந்த வாதத்தில் நான் எதற்கும் துணிந்திருந்தேன். ஒரு வார்த்தைக்காக ஒரு கல்யாணம் நின்று, ஊர் வாயில் ஒரு பெண் விழுவதா?

“உனக்கு அதுல நம்பிக்கை இல்லைன்னா என்னடா? அவளுக்கு இருக்கு. ஒரு வரி சொல்லிட்டுப் போயேன். நாக்கு தேஞ்சா போயிடும்?”

“அண்ணா, அந்த மருத்துவச்சி அம்மாவை ஞாபகம் இருக்கா?”

இருந்தது. பிரசவம் பார்க்கிற தாதி, கணவர் இல்லை. ஒரே மகன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனான். அவன் திரும்பும்வரை பகலில் சாப்பிடுவதில்லை என்று பொருத்தனை செய்தார். அவன் திரும்பவில்லை. வேலைக்குப் போய் நின்ற இடத்திலேயே மயங்கி விழ ஆரம்பித்தார். தம்பிதான் போய்ப் பேசி அதை நிறுத்தினான்.

“சட்டப்படி பாத்தா, விதவை செஞ்ச பொருத்தனையை ரத்து பண்ண ஆளே கிடையாது” என்றான் தம்பி. குரலைத் தாழ்த்தி, ஆனால் ஒவ்வொரு சொல்லாக. “தகப்பனும் இல்ல, புருஷனும் இல்ல. அவங்க சொன்னது சொன்னதுதான். அப்படிப்பட்டவங்ககிட்ட நான், ‘அம்மா, அந்தச் சட்டம் நம்மைக் கட்டாது, சாப்பிடுங்க’ன்னு சொன்னேன். நம்பிச் சாப்பிட்டாங்க. இன்னைக்கு என் பொண்ணுக்கு மட்டும் அதே சட்டத்துல ஒரு கதவு இருக்குன்னு நான் திறந்துவிட்டா, அந்தம்மாவை எங்க நிறுத்தறேன்? கதவே இல்லாத சுவருக்கு முன்னாடி. நாளைக்கு முதல் பெஞ்சுல உக்காந்திருப்பாங்க அண்ணா. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பாக்கறது?”

[இந்த இடத்தில் என் பதிலாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். நல்ல பத்தி. ஆனால் அன்றைக்கு நான் அதைச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்து எழுதிய பதிலை அன்றைய வாயில் வைத்தால் அது கள்ள எடை. எடுத்துவிட்டேன்.]

பதில் சொன்னது தம்பி மனைவி. காலை இழுத்துக்கொண்டு எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

“ஏங்க, அந்தம்மா உங்க பிரசங்கத்தைக் கேட்டா சாப்பிட்டாங்க? ஒரு மாசம் நீங்க பிரசங்கம் பண்ணியும் பட்டினிதானே கிடந்தாங்க? அப்புறம் என்ன செஞ்சீங்க? நான் ஆக்கின சோத்தைக் கட்டிட்டுப் போய், தட்டுல போட்டு, முன்னாடி உக்காந்து, நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டீங்க. அப்பத்தான் அவங்க கையை வச்சாங்க. நீங்கதானே வந்து சொன்னீங்க? உங்க பொண்ணுக்கும் விடுதலைன்னு சொன்னா மட்டும் இறங்கலைங்க. ஒரு தட்டு வைக்கணும். அந்த ஒரு வரிதான் தட்டு. சட்டம்னு ஏன் நினைக்கறீங்க?”

தம்பி கையில் இருந்த வெட்டுச் சக்கரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு முன்பக்கம் நடந்தான்.

7

இனி வருவதை எழுதத்தான் இத்தனை நாளாகத் தயங்கினேன்.

“சரிம்மா. சொல்லிடறேன்” என்றான் தம்பி.

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த வாரத்தில் முதல்முறையாக அவள் மூச்சு முழுதாக உள்ளே போய் வெளியே வந்தது. அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்தேன்.

“ஒரு நிமிஷம். செய்யறதுன்னா முறையாச் செய்யணும். தகப்பன் கேட்ட நாள்லேயே சொல்லணும்கறது சட்டம். நீ இதை முதல்ல கேட்டது இன்னைக்குத்தானே?”

நான் சொன்னது தப்பென்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஒரு தராசைச் சோதிக்கும்போது முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துத்தான் முத்திரை குத்துவேன். அரைகுறையாகச் செய்த ரத்து என்றைக்காவது ஒரு நாள் அவளையே திரும்பவும் உலுக்கும். அதனால்தான் கேட்டேன். ஆமாம் என்பான், நான் தலையசைப்பேன், விஷயம் முடியும் என்று நினைத்தேன்.

தம்பி ஆமாம் என்று சொல்லவில்லை.

“அப்பா?” என்றாள் மகள்.

அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“அன்னைக்கு வராந்தாவுல உன் பின்னாடிதான்மா நின்னேன். மருந்து வாங்கிட்டு வந்தேன். நீ சுவரைப் பாத்து மண்டி போட்டிருந்தே. முழுக்கக் கேட்டுச்சு.”

“கேட்டுட்டு?”

“பேசாம இருந்துட்டேன்.”

“ஏன்ப்பா?”

“உங்க அம்மா உள்ள கிடந்தா. நீ ஒண்ணைக் கொடுத்துட்டே. நான் குறுக்க போய் ‘வேண்டாம், எடுத்துக்கோ’ன்னு சொல்லி, அங்க உள்ள அவளுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா… பயந்துட்டேம்மா. கிருபை கிருபைன்னு ஊருக்கெல்லாம் சொன்னவன், அன்னைக்கு அந்த வராந்தாவுல பேரத்தைத்தான் நம்பினேன். மகளைக் கொடுத்தா மனைவி வருவான்னு நம்பிப் பேசாம நின்னேன்.”

தம்பி மனைவி முக்காலியைத் தேடி உட்கார்ந்தாள். அவளுக்கு அன்று பேச்சு வராமல் போனது அந்த ஒரு முறைதான்.

சன்னல் சட்டங்களுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்தின் மேல்மாடியில் மட்டும் வெயில் இருந்தது. என் கணக்குப்படி எல்லாம் முடிந்துபோயிற்று. தகப்பன் கேட்டான், கேட்ட நாளில் பேசவில்லை, பொருத்தனை நிலைத்துவிட்டது. சட்டம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஆனால் அவள் என்னைவிடக் கவனமாகப் படித்திருந்தாள்.

“அந்தப் பகுதியோட கடைசியில இன்னொண்ணு இருக்குப்பா. கேட்ட அன்னைக்குச் சும்மா இருந்துட்டு, பிறகு ஒரு நாள் ரத்து பண்ணினா, அவளோட குத்தத்தை அவன் சுமக்கணும்.”*

* அந்த வரி கணவனைப் பற்றியது. தகப்பனுக்கும் பொருந்துமா என்பதில் படித்தவர்களிடையே அபிப்பிராய பேதம் இருக்கலாம். அன்று அந்தக் கடையில் யாரும் அதைக் கிளப்பவில்லை. நானும் கிளப்பவில்லை, ஒருமுறை வாயைத் திறந்தது போதும் என்று இருந்தது.

“எல்லாத்தையும் சிலுவையில சுமக்க ஒருத்தர் ஏற்கெனவே வந்துட்டார்னுதானேம்மா நான் இத்தனை வருஷமாச் சொல்லிட்டிருக்கேன்?” என்றான் தம்பி. கெஞ்சுகிற குரல். பிரசங்க மேடையில் நான் ஒருபோதும் கேட்காத குரல்.

“அவர் சுமந்தார்னு எனக்குத் தெரியும்பா. நான் நம்பறேன். நீங்க சுமப்பீங்களான்னுதான் கேக்கறேன்.”

தம்பி நிமிர்ந்து மகளைப் பார்த்தான். வாயைத் திறந்தான். அவன் சொன்ன

8

மேலே அந்த வாக்கியம் அப்படியே நிற்கட்டும். அதை முடிக்க மூன்று முறை முயன்றேன்.

முதல் முடிவில் தம்பி, “சுமக்கறேம்மா. ரத்து” என்கிறான். அவள் ஷட்டரை ஏற்றிவிட்டு வெளியே ஓடுகிறாள். இதை எழுதியதும் எனக்குக் கண் கலங்கியது. கண் கலங்கியதாலேயே சந்தேகமும் வந்தது. அந்த மருத்துவச்சி அம்மா மறுநாள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து இவனைப் பார்ப்பாரே, அவருக்கு யார் பதில் சொல்வது?

இரண்டாவது முடிவில் அவன் சொல்வதில்லை. “நான் சுமந்தா அவர் சுமந்தது பத்தலைன்னு ஆயிடும்” என்கிறான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் அவிழ்த்துவிடாமலே மாப்பிள்ளையிடம் நடந்துபோகிறாள். தம்பி மனைவிக்கு இதுதான் பிடித்தது. “கால் இருக்கறவ நடந்து போவா” என்றாள். ஆனால் அப்படிப் போனவள் மறுநாள் அந்தக் கேள்வி வரும்போது எங்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது: வெயில் இறங்கிவிடுகிறது. ஞாயிறு காலை. டயர் கடை மேல்மாடிக் கூடம். தம்பி மூன்றாம் அறிவிப்பை வாசிக்கிறான். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்துகிறான். கூடத்தில் ஒரு கை உயர்கிறது. கையை எழுதினேன். அது யார் கை என்று எழுதப் பேனா ஓடவில்லை. அவளுடையதா? மருத்துவச்சி அம்மாவுடையதா? சட்டம் தெரிந்த பெரியப்பாவுடையதா?

கல்யாணம் நடந்ததா இல்லையா என்பது எங்கள் சபையாருக்குத் தெரியும். தெரிந்தும் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நடந்திருந்தாலும் அவள் அவிழ்க்கப்பட்டுப் போனாளா, கட்டோடு போனாளா என்பது வெளியில் தெரிகிற விஷயமல்ல. நடக்காமல் போயிருந்தாலும் அப்படியே.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது என்று ஒரு நாள் தீர்மானித்து, எழுதியும் முடித்து, தம்பியிடமும் அவளிடமும் கொடுத்தேன். தம்பி இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தான். “கடையில சன்னல் சட்டம் மட்டுமில்ல, அலமாரிச் சட்டமும் இருந்துச்சு” என்றான். அவன் செய்த திருத்தம் அது ஒன்றுதான்.

அவள் கடைசிப் பக்கத்தை மட்டும் உருவி எடுத்து வைத்துக்கொண்டாள்.

“இது வேண்டாம் பெரியப்பா.”

“ஏம்மா? உண்மைதானே? உனக்கு அதுல ஒரு குறைவும் இல்லையே. ஊர் வாயை மூடத்தானே எழுதினேன்?”

“உண்மைதான். ஆனா எங்க வீட்டுல இப்படி நடந்துச்சுன்னு நீங்க எழுதினா, படிக்கறவங்க அதையே சட்டம்னு எடுத்துப்பாங்க. இன்னொரு வீட்டுல ஒரு அப்பா, அந்தப் பிரசங்கியார் சொன்னாரே நானும் சொல்றேம்பார். இல்ல, அவரே சொல்லலையே நான் ஏன் சொல்லணும்பார். அந்தப் பொண்ணு கழுத்துல என்ன இருக்குன்னு ஒருத்தரும் பாக்க மாட்டாங்க.”

சட்டத்தைப் பற்றி நானும் தம்பியும் சாப்பாட்டு மேசையில் பேசியதையெல்லாம் சேர்த்து வைத்தாலும் இதற்கு ஈடாகாது என்று நினைக்கிறேன். ஆனால் அவளிடம் அதைச் சொல்லவில்லை. “கையெழுத்து அசிங்கமா இருந்தா அப்படிச் சொல்லு” என்றேன். “அதுவும்தான்” என்று பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

9

ஆகவே முடிவு என்னிடம் இல்லை.

முடிவு சொல்லாமல் நிறுத்துகிற கதைகளை நான் மதிப்பதில்லை. எடை போட்டுவிட்டு முள் எங்கே நின்றது என்று சொல்லாத வியாபாரியைப் போன்றது அது. அதோடு இந்தக் கதையில் பேசாமல் இருப்பதற்கு ஒரு விலையும் இருக்கிறது. கேட்டவன் பேசாமல் போனால் அவள் சொன்னது நிலைத்துவிடும். நான் இங்கே பேனாவை மூடினால், மூடிய அந்தச் செயலே ஒரு தீர்ப்பாகிவிடும்.

ஆனால் நான் அவள் தகப்பன் அல்ல. அந்த வரி என் வாயில் செல்லாது. சொல்ல வேண்டியவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவனை அந்த இடத்திலிருந்து நான் நகர்த்த மாட்டேன். வேண்டுமானால் அவன் பக்கத்தில் இன்னொருவர் நிற்க இடம் விடுகிறேன்.

வராந்தாவில் அவள் சொன்னதை நீங்களும் கேட்டுவிட்டீர்கள். கேட்டது இன்றைக்கு. சட்டத்தின் கீழ் இருக்கிறோம் என்று நினைப்பவரானால், அவள் குற்றத்தைச் சுமக்கத் தோள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லை, கிருபையில் இருக்கிறோம் என்பவரானால், அந்தக் கிருபையை அவள் காதில் விழுகிற ஒரு வரியாகச் சொல்லிப் பாருங்கள். எந்தக் கட்சியானாலும் அவள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதிர்க் கட்டடத்தின் உச்சியில் இன்னும் கொஞ்சம் வெயில் இருக்கிறது. சொல்லுங்கள்.